இரண்டு தோடும் ஒன்றரை கேரட். விலை மட்டும் ஏன் மூன்று மடங்கு?

கேள்வி: தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி வைரத்தோடு போட வேண்டும். கும்பகோணத்தில் ஒரு கடையில் ஏழுகல் தோடு காட்டி, "ஜோடி மொத்தம் ஒன்றரை கேரட்" என்றார்கள். திருச்சியில் இன்னொரு கடையில் ஒற்றைக்கல் தோடு, காதுக்கு முக்கால் கேரட். அதுவும் மொத்தம் ஒன்றரை கேரட்தான், ஆனால் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எடை ஒன்றாக இருக்கும்போது இவ்வளவு வித்தியாசம் எப்படி, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்கிறார் என் கணவர். மாப்பிள்ளை மோதிரத்துக்குக் கல் பார்த்த இடத்தில், "எடுத்தால் ஒரு கேரட்டாக எடுங்கள், 95 சென்ட் கல்லுக்கு மதிப்பில்லை" என்றார் விற்பனையாளர். என் மகனோ, லேப் வைரம் வாங்கினால் இதே பணத்தில் பெரிய கல்லே கிடைக்கும் என்கிறான். எதை நம்புவது?
— ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு கடைக்காரர்களில் யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. நிறமும் சுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அந்த மூன்று மடங்கு வித்தியாசம் நடக்கக்கூடியதுதான். உங்கள் கணவரின் சந்தேகமும் நியாயமானதே. தங்கத்தில் எட்டு கிராம் என்றால் எட்டு கிராம்தான். ஒரே காசாக வாங்கினாலும் சின்னச் சின்ன உருப்படிகளாக வாங்கினாலும் கிராமுக்கு ஒரே விலை. தங்கம் வாங்கிப் பழகிய நமக்கு வைரமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு மாறுகிறது.

கேரட் என்பது வைரத்தின் எடை. ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். தங்க நகையில் 18 கேரட், 22 கேரட் என்று சொல்வது மாற்று. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. முன்பு ஊருக்கு ஊர் கேரட்டின் எடை கொஞ்சம் மாறிக்கொண்டிருந்தது. மேற்கே கேரப் மரத்து விதையை வைத்து நிறுத்தார்கள், நம் பக்கம் குன்றிமணியும் மஞ்சாடியும் இருந்தன. 200 மில்லிகிராம்தான் ஒரு கேரட் என்று உலக அளவில் முடிவானது 1907-இல்.

இனி நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். வைரத்துக்கு "ஒரு கேரட் இன்ன விலை" என்று ஒரே விலை கிடையாது. ஒரு கேரட்டுக்கு என்ன விலை என்பதையே அந்தத் தனிக் கல்லின் எடைதான் முடிவு செய்கிறது. 10 சென்ட் கற்களுக்குக் கேரட் விலை ஒன்று, 50 சென்ட் கல்லுக்கு அதைவிடக் கூடுதல், 75 சென்ட்டுக்கு இன்னும் கூடுதல். பத்துக் கற்களைச் சேர்த்து நிறுத்து ஒரு கேரட் வந்தாலும், அவை பத்து சென்ட் கல்லின் விலையில்தான் போகும். ஆகவே "மொத்தம் எத்தனை கேரட்?" என்று கேட்பதைவிட "ஒவ்வொரு கல்லும் எத்தனை சென்ட்?" என்று கேளுங்கள்.

உங்கள் ஏழுகல் தோட்டில் காதுக்கு ஏழு, ஜோடிக்குப் பதினான்கு கற்கள். ஒன்றரை கேரட்டைப் பதினான்கால் வகுத்தால் ஒரு கல் 10.7 சென்ட். திருச்சிக் கடையில் பார்த்தது 75 சென்ட் கற்கள் இரண்டு. தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். சந்தையில் அவை இரண்டு வேறு சரக்குகள்.

இதற்குக் காரணம் சுரங்கத்தில் தொடங்குகிறது. வெளிவரும் கச்சாக் கற்களில் பொடிசுகள் மிக அதிகம். எடை கூடக் கூட எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவிடும். அதற்கு மேல், வட்ட வெட்டாகப் பட்டை தீட்டும்போது கச்சாக் கல்லின் எடையில் பாதியோ அதற்கு மேலுமோ தூளாகப் போய்விடும். முக்கால் கேரட் கல் ஒன்று கையில் கிடைக்க, ஒன்றரை கேரட்டுக்குக் குறையாத கச்சாக் கல் வேண்டும். அதுவும் உள்ளே விரிசலோ கரும்புள்ளியோ இல்லாததாக இருக்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் சூரத்தில் அதை அறுத்து இரண்டு மூன்று சின்னக் கற்களாக்கிவிடுவார்கள்.

எடைக்கும் விலைக்கும் உள்ள இந்த உறவு இன்று நேற்று வந்ததில்லை. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவுக்கும் கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களுக்கும் வந்துபோன பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவேர்னியே ஒரு கணக்கைப் பதிவு செய்திருக்கிறார். எடையை அதே எடையால் பெருக்கி, ஒரு கேரட் கல்லின் விலையால் பெருக்க வேண்டும். ஒரு கேரட் கல் நூறு என்றால் இரண்டு கேரட் கல் நானூறு, மூன்று கேரட் கல் தொள்ளாயிரம். உலகத்துக்கே இந்தியாதான் வைரம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிரேசிலில் வைரம் கிடைத்தது 1720-களில்தான்.

அந்தப் பழைய கணக்கை உங்கள் இரண்டு தோடுகளுக்கும் போட்டுப் பார்த்தேன். ஏழுகல் ஜோடிக்கு 16 என்று வந்தால் ஒற்றைக்கல் ஜோடிக்கு 112 வருகிறது, அதாவது ஏழு மடங்கு. இன்றைய சந்தை அந்த அளவுக்குப் போவதில்லை. மூன்று மடங்கு என்று கேட்டதும் நான் திடுக்கிடாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் பார்வைக்கு எது பெரிது என்று கேட்டால் பதில் நேர்மாறாக வரும். நன்றாக வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். இரண்டு கேரட் என்றால் இரண்டு மடங்கு அகலமாக இருக்கும் என்று நினைப்போம், இருப்பது 8.2 மில்லிமீட்டருக்குள்தான். எடை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பரவிவிடுகிறது, நம் கண்ணுக்கோ மேல்முகம் மட்டும்தான் தெரிகிறது. பாதி கேரட் கல் 5.1 மில்லிமீட்டர் இருக்கும். எடையில் பாதி, பார்வைக்கு அப்படியொன்றும் பாதி இல்லை.

இதே வரிசையில் 75 சென்ட் கல் 5.9 மில்லிமீட்டர், 10.7 சென்ட் கல் 3.1 மில்லிமீட்டர். ஏழுகல் தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று கட்டும்போது குறுக்கே மூன்று கற்கள் வரும். கல் மட்டுமே ஒன்பது மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், தங்க விளிம்பு தனி. வைரம் தெரியும் பரப்பைக் கூட்டிப் பார்த்தால் ஒற்றைக்கல்லைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. மூன்றில் ஒரு பங்கு விலையில், கல்யாணக் கூட்டத்தில் தூரத்திலிருந்தும் நிறைவாகத் தெரிவது ஏழுகல்தான். நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் போட்டுவந்ததில் இந்த லாபமும் இருக்கிறது. ஒற்றைக்கல்லின் அழகு வேறு வகை: ஒரே பெரிய முகத்திலிருந்து அகலமான ஒளிக்கீற்றுகள் எழும். மகளுக்கு எது பிடிக்கிறது என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வழக்கத்துக்காக வாங்கும் தோடு என்பதால் கும்பகோணத்து ஏழுகல்லையே எடுக்கச் சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தைக் கற்களின் நிறத்தையும் வெட்டையும் ஒரு படி கூட்டுவதற்குச் செலவழியுங்கள். ஏழு கற்களில் ஒன்று மட்டும் மஞ்சள் தட்டினால் தோடு முழுவதும் சோர்ந்து தெரியும். பதினான்கு கற்களை நிறமும் அளவும் பொருந்தச் சேர்ப்பது பெரிய வேலை. அதற்குக் கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் அது நியாயம்.

கடையில் "ப்ளூ ஜாகர்" என்று சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலச்சாயல் கற்களுக்கான பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. பெயரைக் கேட்டுப் பணம் கொடுக்காமல், நிறத்தின் தரத்தைக் குறிக்கும் எழுத்து எது, சுத்தத்தின் தரம் வி.வி.எஸ்.ஸா அதற்கு அடுத்த வி.எஸ்.ஸா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது மோதிரத்துக்கான அந்த 95 சென்ட் கல். இதில் விற்பனையாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. வைர வியாபாரத்தில் மார்ட்டின் ராப்பபோர்ட் 1978-இல் தொடங்கிய விலைப்பட்டியல் ஒன்று இன்றும் வாராவாரம் வருகிறது. மும்பை, சூரத் வியாபாரிகள் அதற்கு எத்தனை சதவீதம் கீழே என்றுதான் பேரம் பேசுவார்கள். அந்தப் பட்டியல் எடையைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது: 50 முதல் 69 சென்ட் வரை ஒரு படி, 70 முதல் 89 வரை ஒரு படி, 90 முதல் 99 வரை ஒன்று, 1 கேரட் முதல் 1.49 வரை ஒன்று. அடுத்த படியில் கால் வைத்ததும் கேரட் விலை ஏறிவிடும். ஏறிய விலை அந்தக் கூடுதல் ஐந்து சென்ட்டுக்கு மட்டுமல்ல, முழுக் கல்லுக்கும் சேர்த்து.

கணக்குப் புரிவதற்காக நானாக இரண்டு எண்களை எடுத்துக்கொள்கிறேன், இவை இன்றைய விலை அல்ல. 90–99 சென்ட் படியில் கேரட் 3 லட்சம், ஒரு கேரட் படியில் 3.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 95 சென்ட் கல் 2.85 லட்சம், ஒரு கேரட் கல் 3.6 லட்சம். எடையில் வித்தியாசம் 0.01 கிராம், அகலத்தில் 0.1 மில்லிமீட்டர். மோதிரத்தில் கட்டிய பிறகு, தொழிலில் இருப்பவர்களாலேயே வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு முக்கால் லட்சம் கூடுதல். பின்னாளில் விற்கும்போது முழு கேரட் கல்லுக்கும் கூடுதல் விலை உண்டுதான். ஆனால் வாங்கும்போது கொடுத்த கூடுதலில் ஒரு பகுதிதான் திரும்பி வரும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கேரட்டைத் தொட்டால் விலை தாவும் என்பது பட்டை தீட்டுபவருக்கும் தெரியும். சரியான அளவில் வெட்டினால் 95 சென்ட் வரக்கூடிய கல்லை, எப்படியாவது 1.00-இல் நிறுத்தப் பார்ப்பார். அடிப்பகுதியை ஆழமாக விட்டுவிடுவார், கர்டில் என்னும் நடு விளிம்பைத் தடிமனாக வைப்பார். பக்கவாட்டில் பார்த்தால் அடிபருத்த பம்பரம் போல இருக்கும். சான்றிதழில் ஒரு கேரட் என்று இருக்கும், மேலே அளந்தால் 6.2 மில்லிமீட்டர். அது நன்றாக வெட்டிய 88, 90 சென்ட் கல்லின் அகலம். ஒளியும் மேலே திரும்பாமல் அடியில் கசிந்துவிடும். நீங்கள் முழு கேரட் விலை கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எடையை வாங்குகிறீர்கள். இதனால்தான் 97, 98 சென்ட் கற்கள் சந்தையில் குறைவாகக் கிடைக்கின்றன. வெட்டு நன்றாக அமைந்த 92 முதல் 96 சென்ட் கல் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். எடைக்காக ஆசைப்படாமல் ஒளிக்காக வெட்டியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்.

எடையா ஒளியா என்ற இழுபறிக்குக் கோஹினூரைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1851-இல் லண்டன் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள், இவ்வளவுதானா இதன் ஜொலிப்பு என்று ஏமாந்தார்கள். மறு வருடமே விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் முன்னின்று அதைத் திரும்ப வெட்டவைத்தார். அந்தக் காலத்துக் கேரட்டில் 186 இருந்த கல், இன்றைய கணக்கில் 105.6 கேரட்டாக இறங்கியது. உலகப் புகழ்பெற்ற கல்லிலேயே நாற்பது சதவீதத்துக்கு மேல் எடையை ஒளிக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

சான்றிதழ் வாங்கும்போது அகலம், ஆழம் இரண்டும் மில்லிமீட்டரில் இருக்கிறதா பாருங்கள். வட்டக் கல்லில் ஆழம் அகலத்தின் 59 முதல் 62.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வைரத்தைத் தரம் பார்த்துச் சான்றிதழ் தரும் ஜி.ஐ.ஏ. மாதிரியான ஆய்வகம் எடையை நுணுக்கமாக எடுத்து இரண்டு தசமத்தில் எழுதும். மூன்றாவது தசமம் 9 ஆக இருந்தால் மட்டுமே மேலே ஏற்றும்: 0.999 என்றால் 1.00, 0.998 என்றால் 0.99தான். கல் ஏற்கெனவே நகையில் பதிந்திருந்து, பின்பக்கம் திறந்திருந்தால் ஒரு சூத்திரம் உதவும். அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 0.0061-ஆல் பெருக்குங்கள். 6.5 மில்லிமீட்டர் அகலமும் 3.95 ஆழமும் உள்ள கல்லுக்கு 1.02 கேரட் வரும். இது வட்டக் கல்லுக்கு மட்டும்.

உங்கள் மகன் கேட்டதற்கு வருகிறேன். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான். அடர்த்தி ஒன்று, கடினம் ஒன்று. ஆகவே ஒரு கேரட் லேப் கல்லும் 6.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். இங்கே அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் கல் வேறு. அது வைரமே இல்லை, வைரத்தைவிடக் கனமான பொருள். அதே அகலத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் எடை காட்டும். லேப் வைரத்தில் பெரிய கல் என்பது சுரங்கத்தில் போல அரிதல்ல, இன்னும் சில நாள் உலையில் வளர்த்தால் கிடைத்துவிடும். அதனால் எடையோடு விலை ஏறுவது அங்கே அவ்வளவு செங்குத்தாக இல்லை. 2023-இல் பிரதமர் மோடி அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்த லேப் வைரம் 7.5 கேரட். அமெரிக்க அரசின் பதிவில் அதன் மதிப்பு 20,000 டாலர். அதே எடையில் அதே தரத்தில் சுரங்கக் கல் என்றால் அதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும்.

உங்கள் மகன் கணக்கில் தவறில்லை. ஆனால் சில வருடங்களில் லேப் கற்களின் விலை வெகுவாக இறங்கிவிட்டது, திரும்ப எடுத்துக்கொள்ளப் பல கடைகள் முன்வருவதில்லை. சுரங்கக் கற்களின் விலையும் அண்மையில் சரிந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலீடாக நினைத்து எந்த வைரத்தையும் வாங்காதீர்கள். மகள் தினமும் போட்டுக்கொள்ள ஆசைப்படும் சின்ன மோதிரத்துக்கு லேப் கல் போதும். பரம்பரையாகக் கைமாறப்போகும் தோட்டுக்கு என் மனம் சுரங்கக் கல்லின் பக்கமே போகிறது. எதுவாக இருந்தாலும் பில்லில் அது இன்னது என்று தெளிவாக இருக்க வேண்டும்.

கும்பகோணம் கடைக்குத் திரும்பப் போகும்போது, கட்டி முடித்த தோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர்த் தோடுகளில் பின்பக்கம் மூடிக் கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டிவிட்டால் ஆழத்தையும் அளக்க முடியாது, அடிப்பக்கத்தையும் பார்க்க முடியாது. கற்களைப் பொட்டலத்திலேயே காட்டச் சொல்லுங்கள். பதினான்கையும் சேர்த்து எடை போட்டு, பிறகு பார்வைக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று, சிறிதாகத் தெரிவது ஒன்று என்று தனித்தனியாகத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒன்று, ஒன்றரை சென்ட் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. ஒன்று 14, ஒன்று 8 என்று வந்தால் வேறு கற்கள் கேளுங்கள். சில தோடுகளில் நடுக்கல்லை வேண்டுமென்றே பெரிதாக வைப்பார்கள். அப்படியானால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், பில்லில் தனி வரியாக எழுத வேண்டும்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஜோடி 8.300 கிராம் என்றால், ஒன்றரை கேரட் வைரம் 0.300 கிராம் கழித்து 8.000 கிராமுக்குத்தான் தங்க விலை. கழிக்காமல் போட்டால் கல்லுக்கு ஒருமுறை வைர விலை, இன்னொருமுறை தங்க விலை என்று கொடுக்கிறீர்கள். தொகை சிறியதாக இருந்தாலும் விடாதீர்கள். ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த அதன் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடும் தங்கத்தின் மாற்றுக்கு மட்டுமே பொறுப்பு, வைரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. அதனால் கற்களின் எண்ணிக்கை, மொத்த கேரட், நிறம், சுத்தம், கேரட்டுக்கு போட்ட விலை ஆகியவற்றையும், திரும்பக் கொடுத்தால் அன்றைய விலையில் எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கட்டுவதற்கு முன்பு கற்களைத் தராசில் வைக்கக் கடைக்காரர் மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஆர்டர் கொடுத்துக் கட்டி வாங்க நாளாகும், தை முகூர்த்தத்துக்குக் கூட்டம் சேர்வதற்குள் முதலில் கல்லை முடிவு செய்துவிடுங்கள்.